பழைய ஆட்டோமேட்டிக் வண்டிக்குக் கியர் ஆயில் மாற்றலாமா, அப்படியே விடலாமா? மலையில் ஓட்டுபவர்கள் சொல்லுங்கள்

குன்னூர் ஐ10:
2011 மாடல் ஐ10 ஆட்டோமேட்டிக், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. மீட்டர் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. முந்தைய ஓனர் இன்ஜின் ஆயிலுக்கு எல்லா பில்லும் வைத்திருக்கிறார். கியர் பாக்ஸ் ஆயில் மாற்றியதற்கு ஒரு சீட்டுகூட இல்லை. டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) உருவிப் பார்த்தால் சிவப்பு போய் டிகாஷன் நிறம். ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து 14 கொண்டை ஊசி ஏறி வரும்போதும் கியர் ஒழுங்காக விழுகிறது. இங்கே ஒரு மெக்கானிக், "ஓடுற வண்டியைத் தொடாதீங்க, புது ஆயில் ஊத்தினா பெட்டி போயிடும்" என்கிறார். கோயம்புத்தூரில் ஒருவர் மெஷின் வைத்துப் பழைய ஆயில் மொத்தத்தையும் தள்ளி வெளியேற்றி ஃப்ளஷ் அடிக்கச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

கோத்தகிரி பட்டறை:
தம்பி, புது ஆயில் ஊற்றியதும் பெட்டி போய்விட்டது என்று எங்களிடமும் பலர் வந்து சொல்வார்கள். "எதுக்காக மாத்தினீங்க?" என்று கேட்பேன். "ஏத்தத்துல இன்ஜின் கத்துச்சு, வண்டி நகரல, அதான் மாத்திப் பார்த்தோம்" என்பார்கள். அங்கேயே விஷயம் முடிந்தது. அந்த வண்டியில் பெட்டிக்குள் கியரைப் பிடித்து நிறுத்தும் கிளட்ச் பிளேட்டுகள் ஏற்கெனவே தேய்ந்துவிட்டன. தேய்ந்த தூள் பழைய ஆயிலில் மிதந்துகொண்டு கொஞ்சம் பிடிமானம் கொடுத்திருக்கும், புது ஆயிலில் அது கிடையாது. அடுத்த மாதம் போகவேண்டிய பெட்டி இந்த வாரமே போகும். பழி ஆயில் மேல் விழும்.

உங்கள் மெக்கானிக் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. புது ஆயிலில் கசடை இளக்கும் சரக்கு கலந்திருக்கும். பல வருஷம் படிந்தது ஒரேயடியாகக் கிளம்பி கியர் மாற ஆயிலைத் திருப்பிவிடும் வால்வ் பாடியின் சின்னச் சின்ன வழிகளில் போய் நின்றால் கியர் தடுமாறும். அதனால் இந்த வயசு வண்டிக்கு மெஷின் ஃப்ளஷ் வேண்டாம் என்பதுதான் என் கட்சி. சும்மா வடித்து ஊற்றுங்கள். ஒருமுறை வடித்தால் மொத்த ஆயிலில் பாதிகூட வெளியே வராது, மீதி, இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கொடுக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள் நிற்கும். நிற்கட்டும். ஓரிரு ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி வடித்து ஊற்றுங்கள், அப்புறம் இன்னொரு தடவை. பெட்டிக்கு அதிர்ச்சி இல்லாமல் ஆயில் தெளிந்துவிடும்.

"லைஃப் டைம் ஆயில், மாற்றவே வேண்டாம்" என்று சொல்வார்கள். சமவெளியில் ஓடும் வண்டிக்கே அதை நான் நம்புவதில்லை. சீசன் நேரத்தில் பர்லியாருக்கு மேலே லாரிக்குப் பின்னால் ஊர்ந்து வரும்போது, டார்க் கன்வெர்ட்டருக்குள் ஆயில் சுழன்று சுழன்றே சூடேறுகிறது. அந்தச் சூடுதான் ஆயிலைக் கெடுக்கும். கிலோமீட்டர் கணக்கு மலைக்கு ஒத்துவராது.

வடித்த ஆயிலை மோந்து பாருங்கள். நிறம் கறுத்திருந்தாலும் கருகிய வாடை இல்லையென்றால் பயமில்லை. பெட்டிக்குள் இரும்புத் தூளைப் பிடிக்க வைத்திருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருக்கும், அது சகஜம். பளபளவென்று இரும்புச் சில்லு வந்தால் ஆயிலுக்குக் காசு போடாதீர்கள், பெட்டி இறக்குபவரைப் பாருங்கள். பால் கலந்த மாதிரி இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது, அது வேறு வைத்தியம்.

ஊட்டி பழைய கரோலா:
பட்டறைக்காரர் சொன்ன கேஸ் என்னுடையதுதான். வாங்கும்போதே ரிவர்ஸ் போட்டால் இரண்டு நொடி யோசித்துவிட்டுத்தான் நகரும். ஆயில் மாற்றிய சில வாரத்தில் ரிவர்ஸ் சுத்தமாகப் போனது. மாற்றாமல் விட்டிருந்தாலும் போயிருக்கும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

கொடைக்கானல் சிட்டி:
மாற்றுவதா வேண்டாமா என்பதைவிட எந்த ஆயில் என்பதுதான் எனக்குப் பெரிய பாடம். ஹோண்டா சிட்டி 2009, ஐந்து கியர் ஆட்டோமேட்டிக். கீழே சமவெளியில் ஒரு பட்டறையில் விட்டேன். "சிவப்பா இருந்தா எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று பீப்பாயிலிருந்து எதையோ ஊற்றி அனுப்பினார்கள். வத்தலக்குண்டு தாண்டி ஏற்றம் தொடங்கியதும் லேசாக ஓர் அதிர்வு. பெருமாள்மலை வருவதற்குள் ஸ்டீயரிங்கே நடுங்கியது. ஹோண்டா கம்பெனியின் ஆட்டோமேட்டிக் ஆயிலான டி.டபிள்யூ.-1 வாங்கி இரண்டு தடவை வடித்து ஊற்றிய பிறகுதான் அடங்கியது. வழுக்கும் பிடிக்கும் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஐ10க்கு எஸ்.பி.-3 என்ற ரக ஆயில் என்பார்கள், வண்டிப் புத்தகத்தில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். சி.வி.டி. (படிப்படியான கியர் இல்லாமல் பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக்) வைத்திருப்பவர்கள் அதற்கென்று உள்ள ஆயிலைத் தவிர வேறு எதையும் கிட்டே கொண்டுவர வேண்டாம்.

எமரால்டு பிக்கப்:
நமக்கெல்லாம் கையால் போடும் கியர்தான். கேரட் மூட்டை ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்குகிற வண்டி. ஜனவரி உறைபனியில் விடியக்காலை இரண்டாவது கியர் விழவே விழாது, ஆயில் கெட்டியாகிவிடும். 90 நம்பர் ஆயிலுக்குப் பதில் குளிரிலும் இளகி ஓடும் 80டபிள்யூ-90 போட்டதும் பரவாயில்லை. கடையில் ஜி.எல்.-5 தர கியர் ஆயில் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். அது பின் அச்சில் இருக்கும் கிரவுன் பல்சக்கரத்துக்கு நல்லது, ஆனால் சில பழைய கியர் பெட்டிகளின் கியர் சத்தமில்லாமல் விழ உதவும் பித்தளை சிங்க்ரோ வளையத்தை அதிலுள்ள கந்தகச் சரக்கு அரிக்கும். புத்தகத்தில் ஜி.எல்.-4 என்றால் ஜி.எல்.-4தான்.

குன்னூர் ஐ10:
நன்றி அண்ணா, எல்லோருக்கும் நன்றி. முதல் தடவை வடித்தாயிற்று. கருகல் வாடை இல்லை, சில்லும் இல்லை. டி-யில் (முன்னால் ஓட்டும் டிரைவ் நிலை) போடும்போது லேசாக ஒரு இடி இருக்கும், அது குறைந்திருக்கிறது. மனசுக்கு அப்படித் தோன்றுகிறதோ என்னவோ. ஒரு சந்தேகம்: டிப்ஸ்டிக்கில் வீட்டு வாசலில் ஓர் அளவு காட்டுகிறது, கடை முன்னால் வேறு அளவு காட்டுகிறது.

கோத்தகிரி பட்டறை:
உங்கள் வாசல் சரிவு, தம்பி. நம்ம ஊரில் சமமான இடம் கிடைப்பதே பெரிய பாடு. பெட்ரோல் பங்க் தளம் ஓரளவு மட்டமாக இருக்கும், கேட்டுவிட்டு ஓரமாக நிறுத்துங்கள். நன்றாக ஓட்டிச் சூடானபின், இன்ஜின் ஓடும்போதே எல்லா கியரையும் ஒருமுறை போட்டு எடுத்து, பார்க்கில் வைத்து, டிப்ஸ்டிக்கில் உள்ள ஹாட் (சூடான நிலை) குறிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். சிட்டிக்காரர் இதைப் பார்த்துச் செய்ய வேண்டாம், ஹோண்டாவில் இன்ஜினை அணைத்த ஒரு நிமிஷம் கழித்துப் பார்க்க வேண்டும். கூடுதலாக ஊற்றினாலும் கெடுதல்தான், நுரைத்துவிடும். வடித்த அளவையே கேனில் அளந்து அதே அளவு ஊற்றியிருந்தால் பெரிய வித்தியாசம் வராது. பழைய ஆயிலை மட்டும் ஓடையிலோ தேயிலைச் செடி ஓரத்திலோ கொட்டிவிடாதீர்கள், பட்டறையில் கொண்டுவந்து கொடுத்தால் வேஸ்ட் ஆயில் எடுப்பவரிடம் சேர்த்துவிடுவோம்.