மறு: 'இன்க்ளூசிவ் லீடர்ஷிப்' தமிழில் எப்படி?

> 'உள்ளடக்கிய தலைமை' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

நண்பர்களே,

புழக்கத்தில் இருக்கிறதுதான். உள்ளடக்கிய கல்வி, உள்ளடக்கிய வளர்ச்சி இரண்டும் வேரூன்றிவிட்டன, அவற்றில் யாரும் கைவைக்க வேண்டாம். அங்கே பேச்சு, வெளியே நிற்பவர்களை உள்ளே கொண்டுவருவது பற்றி. இன்க்ளூசிவ் லீடர்ஷிப்பில் ஆட்கள் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறார்கள், சம்பளம் வாங்குகிறார்கள், கூட்டத்துக்கு வந்து உட்காருகிறார்கள், ஆனால் தெரிந்ததைச் சொல்லாமல் எழுந்து போய்விடுகிறார்கள். அவர்களைப் பேசவைக்கிற தலைவருக்குப் பெயர் தேடும்போது, 'அடக்கு' ஒளிந்திருக்கும் சொல்லையா எடுப்பது?

மூலத்துக்குப் போனால் பாதிச் சிக்கல் தீரும். 2006இல் இங்கிரிட் நெம்பார்டு, ஏமி எட்மண்ட்சன் என்ற மேலாண்மை ஆய்வாளர்கள் இருவர் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுகளை ஆராய்ந்து இந்தத் தலைமை பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். மருத்துவர்கள் தயங்காமல் பேசுகிறார்கள், படிநிலையில் கீழே போகப்போகத் தயக்கம் கூடுகிறது. ஆனால் தலைவர் தன் சொல்லாலும் செயலாலும் 'நீங்களும் சொல்லுங்கள்' என்று அழைத்து, சொன்னதை மதித்த இடங்களில் இந்த இடைவெளி குறைந்தது. அழைப்பது, மதிப்பது, இரண்டுமே தலைவர் செய்யும் வினை. நம் சொல்லிலும் அந்த வினை தெரிய வேண்டும் என்பதுதான் என் கட்சி.

இந்த இழையில் வந்த மற்றப் பரிந்துரைகளைப் பார்ப்போம். 'பங்கேற்புத் தலைமை' வேறொரு கோட்பாட்டுக்குப் போய்விட்டது, விட்டுவிடலாம். 'உள்வாங்கும் தலைமை' கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பொருள் நேர் எதிர்த்திசையில் போகிறது. லின் ஷோரும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் இதைத் தெளிவாகப் பிரித்தார்கள்: 'நானும் இந்தக் குழுவில் ஒருவர்' என்ற உணர்வு வேண்டும், 'என் தனித்தன்மைக்கும் இங்கே மதிப்பு உண்டு' என்ற உணர்வும் வேண்டும். முதலாவது மட்டும் இருந்தால், எல்லாரும் ஒரே மாதிரி பேசக் கற்றுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். உள்வாங்குவது அதைத்தான் செய்யும், கரைத்துவிடும். 'அரவணைப்புத் தலைமை' எனக்குச் சுத்தமாக ஒத்துவரவில்லை. அரவணைப்பவர் பெரியவர், அரவணைக்கப்படுபவர் குழந்தை. தவறைச் சுட்டிக்காட்டுகிற இளநிலைப் பொறியாளருக்கு வேண்டியது அணைப்பா? 'செவிசாய்க்கும் தலைமை' இவற்றில் தேவலாம், ஆனால் யாராவது பேசினால்தானே செவி சாய்ப்பது. முதலில் 'உங்கள் கருத்து என்ன' என்று வினவ வேண்டியது தலைவர் அல்லவா.

> நிறுவனத்தின் வெற்றிக்கு உதவுவது என்பதும் வரையறையில் வரவேண்டும்

இதில் கொஞ்சம் நிதானம் தேவை. உயர்நிர்வாகத்தில் பன்முகத்தன்மை கூடிய நிறுவனங்களின் இலாபமும் கூடுதலாக இருக்கிறது என்று 2015 முதல் மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனத்தின் அறிக்கைகள் சொல்லிவந்தன. 2024இல் ஜெரமையா கிரீன், ஜான் ஹேண்ட் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்கப் பங்குச்சந்தையின் எஸ் அண்ட் பி 500 பட்டியலில் உள்ள பெரிய நிறுவனங்களை வைத்துச் சோதித்தபோது அந்தத் தொடர்பு கிடைக்கவில்லை. ஆக, வரையறையில் இலாபத்தை எழுதிவைத்தால் நாளை நாம்தான் அழிக்க வேண்டியிருக்கும். பலவகைப்பட்டவர்களை வேலைக்கு எடுப்பது வேறு, அவர்களுக்குத் தெரிந்தது முடிவெடுக்கும் மேசை வரை வந்து சேர்வது வேறு. இரண்டாவது நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நோக்கியா இருக்கிறது. டிமோ வுவோரியும் குய் ஹுய்யும் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, மேலிடத்தின் கோபத்துக்குப் பயந்த இடைநிலை மேலாளர்கள் மென்பொருள் வேலை சரியாகப் போவதுபோலவே சொல்லிவந்தார்கள், மேலிடமும் அதை நம்பித் திட்டம் போட்டது. கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்பதாக 2013இல் அறிவிப்பு வந்துவிட்டது. சரிவுக்கு வேறு காரணங்களும் உண்டுதான், ஆனால் கெட்ட செய்தி மேலே போகாததும் அவற்றில் ஒன்று.

சரி, என் பரிந்துரை: இடந்தரு தலைமை. 'நிழல்தரு மரம்' போல வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும். பெயர்ச்சொல் இடந்தரல், எதிர்ச்சொல் இடமறுப்பு. பேச்சில் 'இடம் தர்ற மேனேஜர்' என்று இயல்பாக வந்துவிடும், யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 'இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான்' என்று ஒருவர் கட்டாயம் எழுதுவார், எழுதட்டும். இந்தத் தலைமைக்கு எதிராக மேலாளர்கள் மனத்துக்குள் சொல்லிக்கொள்ளும் வாதமே அதுதான்.

---

> இடந்தரு தலைமை

நல்ல சொல்தான் ஐயா, ஆனால் 'இடம்' என்றதும் இட ஒதுக்கீடு நினைவுக்கு வருமே? மனிதவளத் துறையில் இரண்டும் ஒரே ஆவணத்தில் வரும், குழப்பம் நிச்சயம்.

---

வரும், மறுக்கவில்லை. அங்கே இடம் என்பது இருக்கை, இங்கே பேசுவதற்கான வாய்ப்பு. ஒரே பத்தியில் இரண்டும் வந்தால் 'பேச இடந்தரும் தலைமை' என்று விரித்து எழுதிக்கொள்ளலாம். அதற்கும் மனம் ஒப்பாதவர்கள் வேறு சொல் தாருங்கள், வாரக் கடைசி வரை கலைச்சொல் பட்டியலில் சேர்க்காமல் வைத்திருக்கிறேன். அரவணைப்பை மட்டும் திரும்பக் கொண்டுவராதீர்கள்.