ரூஃப் லைனிங் தொங்குதா? பசை வாங்குறதுக்கு முன்னாடி ஃபோமைப் பாருங்க

கார் கூரைக்கு உள்பக்கம் ஒட்டியிருக்குற லைனிங் துணி தொங்குதுன்னு கேக்குறவங்க எல்லாரும் எந்தப் பசை நல்லதுன்னுதான் ஆரம்பிக்கிறீங்க, அதனால எங்க அனுபவத்த எழுதுறேன். எங்க காருக்கு 12 வயசு, சென்னை கே.கே. நகர்ல எங்க தெருவுல நிழலே கிடையாது, பகல் பூரா வெயில்லதான் நிக்கும். பின் சீட்டுக்கு மேல துணி தொப்பையா இறங்கி, மிரர்ல பின்னாடி வர்ற வண்டியே தெரியாத அளவுக்கு ஆயிடுச்சு. பக்கத்துல ஒரு சீட் கவர் கடைல துணிக்குள்ள ஸ்ப்ரே அடிச்சு தடவி விட்டுக் குடுத்தாங்க, சித்திரை வெயில் ஏறுனதும் முன்ன விட மோசமா இறங்கிடுச்சு.

அப்புறம் புதுப்பேட்டைல லைனிங் வேலை பாக்குற ஒரு பாய்கிட்ட போனோம். அவரு பசையப் பத்திப் பேசவே இல்ல, ஓரத்துல துணிய ஒரு ஜான் உரிச்சு, அது ஒட்டியிருந்த கூரை போர்டு மேல உள்ளங்கைய வெச்சு ஒரு இழு இழுத்துக் காட்டுனாரு, கை பூரா மஞ்சப் பொடி, லேசா பிசுபிசுப்பு வேற. "தம்பி, பசை மேல தப்பு இல்ல, ஃபோம் செத்துப்போச்சு"ன்னாரு. விஷயமே அதுதாங்க. துணிக்குப் பின்னாடி மெல்லிசா பாலியூரித்தேன் ஃபோம் ஒட்டி வரும், சூடும் ஈரக்காத்தும் சேந்து வருஷக்கணக்குல அத மாவாக்கிடும், நம்ம ஊர்ல ரெண்டுக்கும் பஞ்சமே இல்ல. எவ்ளோ காஸ்ட்லியான பசைய அடிச்சாலும் அது அந்த மாவுலதான் ஒட்டும், போர்டுல ஒட்டாது. அதனால போர்டக் கழட்டி, பழைய ஃபோமை பிரஷ் போட்டு சுத்தமா உதுத்துட்டு, ஃபோம் வெச்ச புதுத் துணிதான் போடணும்.

பசைன்னு வந்தா, ஃபெவிகால் எஸ்ஆர் 998 மாதிரி ரப்பர் பசைதான் பாய் போட்டாரு. போர்டுலயும் ஃபோம்லயும் ரெண்டு பக்கமும் மெல்லிசா தடவணும், 10, 15 நிமிஷம் விட்டுட்டு விரல் பின்பக்கத்தால தொட்டுப் பாக்கணும், ஒட்டுற மாதிரி இருக்கணும் ஆனா நூல் இழுக்கக் கூடாது, அப்பதான் துணிய வெச்சு நடுவுலேந்து ஓரத்துக்கு அழுத்திக்கிட்டே போகணும். ஒரு தடவ வெச்சா வெச்சதுதான், நகத்த முடியாது. ரொம்ப ஊத்துனா துணிக்கு வெளிய கறையா ஊறிடும். நாங்க போன முதல் நாள் தூறல் போட்டுக்கிட்டு இருந்துச்சு, டப்பாவயே திறக்க மாட்டேன்னுட்டாரு. பசைல இருக்குற தின்னர் ஆவியாகும்போது மேல்பரப்பு குளுந்து காத்துல இருக்குற ஈரம் அதுல படிஞ்சிடும், அப்புறம் ஒட்டுனாலும் பிடிக்காது. இத யோசிச்சு வேலைய தள்ளிப்போடுற ஆளு கிடைக்கிறது பெரிய விஷயம்.

வெள்ள ஃபெவிகால் வேணவே வேணாம், அது மரத்துக்கு. ரெக்ஸினுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவுல தண்ணி வெளிய போக வழி இல்லாம காயாமலே கிடக்கும். ஃபெவிக்விக் துணில பட்டா கல்லு மாதிரி இறுகி வெள்ளையா தெரியும், பருத்தித் துணில பட்டா கை சுடுற அளவுக்கு சூடாகும், ஜாக்கிரதை. கிராஃப்ட் ஸ்ப்ரே எல்லாம் பேப்பர் ஒட்டத்தான் சரி, பூட்டி வெயில்ல நிக்குற வண்டி உள்ள 60 டிகிரிக்கு மேல போகும், அதுல இளகிடும். ஸ்ப்ரேதான் வேணும்னா டின்ல எத்தன டிகிரி வரைக்கும் தாங்கும்னு போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க.

டோர் பேடு, அதாவது கதவோட உள்பக்கப் பலகை, அதுல ஒட்டுற ரெக்ஸின் கத வேற. அதுல இருக்குற எண்ணெய் மாதிரியான சமாச்சாரம் மெதுவா பசைக்குள்ள இறங்கி சாதா ரப்பர் பசைய கொழகொழன்னு ஆக்கிடும், ரெக்ஸினுக்குன்னே வர்ற பசையா கேளுங்க. பேடக் கழட்டுனா பின்னாடி என்ன பிளாஸ்டிக்னு அச்சடிச்சிருக்கும், ஏபிஎஸ் (ABS)னா பிரச்சன இல்ல, பிபி (PP)ன்னு இருந்தா உப்புத்தாள் போட்டு பிரைமர் அடிக்காம எதுவும் பிடிக்காது.

சைடுல கர்ட்டன் ஏர்பேக் இருக்குற வண்டின்னா பேட்டரியக் கழட்டாம பில்லர் (கூரையத் தாங்குற தூண்) பக்கம் கை வைக்காதீங்க. கதவ மூடிக்கிட்டு உள்ள உக்காந்து பசை தடவாதீங்க, தலை சுத்தும், தீயும் பிடிக்கும்.

2023 டிசம்பர் வெள்ளத்துல தண்ணி புகுந்த வண்டிக்கு கார்ப்பெட் ஒட்டணும்னு கேட்டவங்களுக்கு, அங்க பெரும்பாலும் பசையே தேவ இல்ல, கிளிப்பும் கதவுக்குக் கீழ கால் வெச்சு ஏறுற இடத்துல இருக்குற பிளாஸ்டிக் பட்டையும்தான் அதப் பிடிச்சிருக்கும். கார்ப்பெட்டத் தூக்கி, அடில இருக்குற ஃபெல்ட்ட (கம்பளி மாதிரி மெத்தைய) முழுசா காய வெச்சுட்டு மாட்டுங்க, ஈரத்தோட மாட்டுனா தகரம் துரு பிடிச்சிடும்.