அப்பாவின் ஒயின் ஷாப்: கிடங்கைக் கடையாக்குகிறேன், பீப்பாய் வேண்டுமா?

கல்லாப்பெட்டி_மகள் (புதுச்சேரி)

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கடை பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் இருக்கிறது. அப்பா 1993-லிருந்து நடத்துகிறார். வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: நம் பக்கத்தில் 'ஒயின் ஷாப்' என்ற பலகைக்கும் திராட்சை ஒயினுக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. பிராந்தி, ரம், பீர்தான் வியாபாரம். ஒயின் கேட்டால் மேல் தட்டில் தூசி படிந்து நாலு பாட்டில் நிற்கும். முன்னால் இரும்பு கிரில், அதில் ஒரு சதுர ஓட்டை. காசு உள்ளே போகும், காகிதத்தில் சுற்றிய பாட்டில் வெளியே வரும். முப்பது வருஷமாக அப்பாவின் வலது கையை மட்டுமே பார்த்த வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள்.

கடைக்கு ஒட்டினாற்போல் ஒரு கிடங்கு. 11 அடி அகலம், 32 அடி நீளம், 14 அடி உயரம். பழைய மெட்ராஸ் டெரஸ் கூரை (மர உத்தரத்தின் மேல் செங்கல்லைச் சுண்ணாம்பில் அடுக்கியது), தேக்கு உத்தரம், சுண்ணாம்புச் சுவர். தெருப் பக்கம் தனிக் கதவு உண்டு, மேற்குப் பார்த்தது. இதை ஒயினுக்கு மட்டும் தனிக் கடையாக்க வேண்டும், ஆட்கள் உள்ளே வந்து தாங்களே எடுத்துப் பார்த்து வாங்க வேண்டும் என்பது என் ஆசை. "கிரில் இல்லாமல் என்ன கடை?" என்பது அப்பாவின் கேள்வி.

ஒரு டிசைனர் கணினியில் படம் போட்டுக் கொடுத்திருக்கிறார். தரையிலிருந்து கூரை வரை கண்ணாடித் தட்டுகள், பாட்டிலுக்குப் பின்னால் எல்இடி பட்டை, ஃபால்ஸ் சீலிங், தரைக்கு ஆத்தங்குடி டைல், நட்டநடுவில் ஒரு மரப் பீப்பாய். 9 லட்சம் ஆகுமாம். படம் பார்க்க ஜோராக இருக்கிறது. ஆனால் எங்கேயோ இடிக்கிறது, எங்கே என்று சொல்லத் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ப்ளைவுட்_ஆசாரி (வில்லியனூர்)

தங்கச்சி, எனக்கு இடிக்கிற இடம் கண்ணாடித் தட்டு.

கணக்குப் போட்டுப் பாரு. நிறைந்த ஒயின் பாட்டில் ஒன்று ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ. விட்டம் சுமார் 8 சென்டிமீட்டர். நாலடிப் பலகையில் ஒரு வரிசைக்கு 15 பாட்டில், ஓரடி ஆழத்தில் மூன்று வரிசை. மொத்தம் 45 பாட்டில், 56 கிலோ. என் மருமகன் எடை. அவனை ராத்திரி பகலாகக் கண்ணாடி மேல் படுக்கவைப்பாயா?

18 மில்லிமீட்டர் ப்ளைவுட் போதும். ஆனால் நாலடிக்கு ஒரே பலகையாக விடாதே, ஒரு வருஷத்தில் நடுவில் தொய்ந்து சிரிக்கும். இரண்டடிக்கு ஒரு குத்துப்பலகை நிறுத்தச் சொல். நீ இருப்பது கடலோரம், எம்டிஎஃப், அதான் மரநாரை அழுத்திச் செய்யும் பலகை, அதை எவன் சொன்னாலும் வேண்டாம் என்று சொல், ஈரக்காற்றில் ரொட்டி மாதிரி உப்பிவிடும். ஐஎஸ் 710 முத்திரை போட்ட மரைன் ப்ளை வாங்கு. விலை கூடத்தான். திருகாணி, கீல் எல்லாம் ஸ்டெயின்லெஸ். சாதா இரும்பு போட்டால் அடுத்த மழைக்கு முன்னாலேயே துரு ஒழுகி லேபிளில் இறங்கும்.

இன்னொன்று. சுண்ணாம்புச் சுவரில் துளை போட்டு அத்தனை பாரத்தையும் தொங்கவிடக் கூடாது, உதிர்ந்து வரும். தட்டுகள் தரையில் சொந்தக் காலில் நிற்கட்டும், சுவரில் சாயாமல் பிடிப்பதற்கு மட்டும் இரண்டு கொக்கி. சுவருக்கும் பலகைக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி விடு, சுவர் மூச்சு விட வேண்டும், கரையான் வந்தால் கண்ணிலும் பட வேண்டும். அதனால்தான் ஃபால்ஸ் சீலிங்கும் வேண்டாம் என்கிறேன். அந்தத் தேக்கு உத்தரத்தை இன்றைக்குப் புதிதாகச் செய்ய எவ்வளவு ஆகும் தெரியுமா? அதைப் போய் அட்டை போட்டு மூடுவதா!

---

பாரிஸ்_காரைக்கால்

அக்கா, நான் காரைக்கால்காரன். பாரிஸில் ஒரு தெருமுனை ஒயின் கடையில் 11 வருஷமாக வேலை. எங்கள் கடை உங்கள் கிடங்கைவிடச் சிறியது, அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

உங்கள் டிசைனர் நகைக்கடை வரைந்திருக்கிறார். தங்கத்துக்கு வெளிச்சமும் சூடும் ஒன்றும் செய்யாது. ஒயின் அப்படியில்லை, கிட்டத்தட்ட பால் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வெளிச்சம். நிறமில்லாத கண்ணாடியில் வரும் ரோஸே (இளஞ்சிவப்பு ஒயின்), வெள்ளை ஒயின், ஷாம்பெயின் மூன்றும் ரொம்ப ரோஷக்காரர்கள். புறஊதாக் கதிரும் நீல வெளிச்சமும் பட்டால் உள்ளே இருக்கும் ரிபோஃப்ளேவின் என்ற பி2 வைட்டமின் வினைபுரிந்து கந்தக வாடை உண்டாகும். நனைந்த கம்பளி, வெந்த முட்டைக்கோஸ், அந்த மாதிரி. வெயில் படுகிற இடமென்றால் இதற்கு மாதக்கணக்கெல்லாம் வேண்டாம். லூயி ரோடரேர் நிறுவனத்தின் கிறிஸ்டல் ஷாம்பெயின் பாட்டிலை ஆரஞ்சு கலந்த மஞ்சள் தாளில் சுற்றியே விற்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். அலங்காரம் என்று நினைப்போம். அது தெளிந்த கண்ணாடி பாட்டில், தாள்தான் அதற்குக் குடை. அப்பா காகிதத்தில் சுற்றிக் கொடுத்ததும் ஒரு வகையில் சரிதான், காரணம் வேறாக இருந்தாலும்.

ஆகவே பாட்டிலுக்குப் பின்னால் எல்இடி பட்டை வேண்டாம். எல்இடியில் புறஊதா கிட்டத்தட்ட இல்லை, நீலம் இருக்கிறது. 2700 கெல்வின் மஞ்சள் விளக்கு வாங்குங்கள், நடைபாதைக்கு மேலே தொங்கவிட்டு, லேபிள் படிக்கும் அளவுக்கு மட்டும் வெளிச்சம் விழவிடுங்கள். வாடிக்கையாளர் முகமும் அதில் நன்றாகத் தெரியும். ட்யூப் லைட்டில் எல்லோரும் காய்ச்சல்காரர்கள்.

அடுத்தது சூடு, உங்கள் ஊரில் இதுதான் பெரிய வில்லன். ஒயினுக்கு 12 முதல் 14 டிகிரி சொர்க்கம். சீக்கிரம் விற்றுப்போகும் சரக்குக்கு 18 இருந்தாலும் தாங்கும், ஏறி இறங்காமல் இருந்தால் சரி. பகலில் ஏசி, இரவில் அணைத்துவிட்டுப் பூட்டிப் போவது என்றால் சித்திரையில் தினமும் அதைக் காய்ச்சல் வரவழைத்து இறக்குவது மாதிரி. சூட்டில் உள்ளே இருப்பது விரிந்து கார்க்கைத் தள்ளும், ஆறும்போது காற்றை இழுக்கும். கார்க் மூடியின் மேல் பிசுபிசுவென்று கசிந்திருந்தால் அந்தப் பாட்டில் கதை முடிந்தது.

32 அடியையும் இரவு பகலாகக் குளிர்விக்க உங்களால் முடியாது, மின் கட்டணம் கடையைக் குடித்துவிடும். என் யோசனை: பின்பக்கம் 8 அடியைத் தடுத்து, வெப்பம் புகாத பலகை அடித்து, நன்றாக மூடும் கதவு போட்டு ஒரு குளிர் அறை. அதற்கு மட்டும் 24 மணி நேர ஏசி, இன்வெர்ட்டரோடு. சரக்கெல்லாம் அங்கே படுத்திருக்கட்டும். முன்பக்கம் ஒவ்வொரு வகையிலும் மூன்று நான்கு பாட்டில் மட்டும். வாங்குபவருக்கு உள்ளேயிருந்து எடுத்துக் கொடுங்கள். இங்கே பழைய கடைகளில் நிலவறையிலிருந்து எடுத்து வருவோம். குளிர்ந்த பாட்டிலைக் கையில் வாங்கும்போது ஆட்களுக்கு ஒரு மரியாதை வருகிறது, விலையைப் பற்றிப் பேசுவதும் குறைகிறது.

படுக்கவைப்பது கார்க் போட்டவற்றை மட்டும். கார்க் காயாமல் இருப்பதற்காக. நம் நாட்டில் ஒயினுக்குப் பேர்போன நாசிக்கிலிருந்து வரும் பல பாட்டில்களுக்குத் திருகு மூடிதான், அவை நின்றால் நஷ்டமில்லை. எக்ஸ் வடிவ மரக்கட்டம் போடச் சொல்லி யாராவது வருவார்கள். அழகு, ஆனால் அடியில் இருப்பதை எடுக்க மேலே இருக்கும் பத்தையும் எழுப்ப வேண்டும். பர்கண்டி பாட்டில் தொப்பைக்காரன், அதில் சரியாக உட்காரவும் மாட்டான்.

மேற்கு ஜன்னலில் வைக்கக் காலிப் பாட்டில் போதும். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். யாரும் கண்டுபிடித்ததில்லை.

பீப்பாய்: வேண்டாம். 225 லிட்டர் பீப்பாய் வயிற்றில் 70 சென்டிமீட்டர் அகலம். 11 அடி அறையில் இரண்டு பக்கமும் தட்டு போக மிஞ்சுவது 9 அடி, அதன் நடுவில் இதை நிறுத்தினால் கூடையோடு இரண்டு பேர் ஒதுங்க இடமிருக்காது. அதைவிட, காலிப் பீப்பாய் ஏசியில் காய்ந்து பலகை சுருங்கும், இரும்பு வளையம் ஒருநாள் சத்தமில்லாமல் நழுவி இறங்கும். எங்கள் முதலாளி ஒன்று வைத்திருந்தார். இப்போது அவர் வீட்டுத் தோட்டத்தில் செடி வளர்கிறது.

---

ப்ளைவுட்_ஆசாரி (வில்லியனூர்)

காரைக்கால் தம்பி சொன்ன குளிர் அறை சரி. ஆனால் அந்தப் பக்கச் சுவரில் ஈரம் ஏறுகிறதா என்று மழைக்காலத்தில் பார்த்துவிட்டு அடியுங்கள். தரைக்கு ஆத்தங்குடி வேண்டாம் என்று சொல்ல மறந்துவிட்டேன். சிமென்ட் டைல் அது. சிவப்பு ஒயின் புளிப்பு, கொட்டி அரை மணி விட்டால் பூவெல்லாம் அரித்து வெளுத்துப்போகும். கடப்பாக் கல்லும் சுண்ணாம்புக் கல்தான், அதுவும் அரிக்கும். கிரானைட், பாலிஷ் இல்லாமல் சொரசொரப்பாக. வழுக்காது.

---

மாடிவீட்டு_வாசகி (சென்னை)

பலகை, டிகிரி எல்லாம் எனக்குத் தெரியாது. வாங்குகிற ஆளாகச் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் 2003-லிருந்து சில்லறை விற்பனை டாஸ்மாக் மட்டும்தான். கிரில் முன்னால் நான் ஒரே ஒரு தடவை நின்றிருக்கிறேன். பின்னாலிருந்து பத்துக் கை என் தோளுக்கு மேல் நீண்டது, உள்ளே இருந்தவர் என்னைத் தவிர எல்லோருக்கும் கொடுத்தார். அப்புறம் மாலுக்குள் இருக்கும் எலைட் கடைக்குத்தான் போவேன். உள்ளே நடந்து, எடுத்துப் பார்த்து வாங்கலாம். ஆனால் அங்கேயும் ஒரு குறை: விலை தெரிய வேண்டுமென்றால் கேட்க வேண்டியிருக்கும் சமயங்கள் உண்டு. நான் கேட்க மாட்டேன், கூச்சம். வாங்காமல் வந்துவிடுவேன். ஆகவே ஒவ்வொரு பாட்டிலுக்குக் கீழேயும் விலையைப் பெரிதாக எழுதுங்கள். பக்கத்தில் ஒரு வரி, தமிழில். 'லேசான இனிப்பு, மீன் வறுவலோடு நன்றாக இருக்கும்' என்று இருந்தால் போதும். எந்த நாடு, எந்த மலைச்சரிவு என்பதெல்லாம் எனக்கு அடுத்த வருஷப் பாடம்.

கதவைப் பற்றி. முழுக் கண்ணாடி வைத்தால் தெருவில் போகும் சித்தி பார்ப்பாள். முழுவதும் மூடினால் உள்ளே நுழையப் பயம். கடைக்குள் யார் இருக்கிறார்கள் என்று வெளியிலிருந்து எனக்குத் தெரிய வேண்டும், என் கையில் என்ன இருக்கிறது என்று மட்டும் வெளியே தெரியக் கூடாது. ஜன்னலில் நாலடி உயரம் வரை தட்டு, அதற்கு மேல் கண்ணாடி. சரியாக வருமா பாருங்கள்.

அப்புறம், அப்பாவை எங்கே உட்காரவைக்கப் போகிறீர்கள்? இதை யாரும் கேட்கவில்லையே.

---

கல்லாப்பெட்டி_மகள் (புதுச்சேரி)

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக இழை முழுவதையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஆசாரி அண்ணன் மருமகன் கணக்கைக் கேட்டுச் சிரித்தார். அதன்பிறகுதான் மற்றதைக் காது கொடுத்துக் கேட்டார்.

முடிவானவை: கண்ணாடித் தட்டு, ஃபால்ஸ் சீலிங், பீப்பாய் மூன்றும் போயாச்சு. பின்பக்கம் குளிர் அறை வருகிறது. அதற்குச் செலவு கூடுகிறது, தரை வேலையை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிட்டேன், இப்போதைக்குப் பழைய சிமென்ட் தரைதான். வரைபடத்தைக் கலால் அலுவலகத்தில் காட்டிவிட்டே சுவரில் கை வைக்க வேண்டும் என்பதில் அப்பா கறார். முகப்புக்கு, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு ஆட்களிடமும் ஒரு வார்த்தை கேட்கப்போகிறேன், திண்ணையை எடுக்காமல் அதில் மூங்கில் தட்டி போட்டு மேற்கு வெயிலை நிறுத்தலாமா என்று.

காலிப் பாட்டில் யோசனை அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஜன்னலை உடைத்துத் திருடுகிறவன் வீட்டுக்குப் போய்த் திறந்து பார்க்கும் முகத்தை நினைத்து நினைத்துச் சந்தோஷப்படுகிறார்.

வாசகி கேட்டதற்குப் பதில்: கல்லா வாசலுக்கு நேராக இருக்கக் கூடாது என்று நான் நினைத்தேன், வருகிறவர்களை மறிக்கும். இடது பக்கம், நுழைந்ததும் ஐந்தடி உள்ளே, பக்கவாட்டில். அங்கிருந்து கதவும் தெரியும், குளிர் அறையும் தெரியும். அப்பா உட்கார்ந்து பார்த்தார். கை நீட்ட ஓட்டை இல்லாதது அவருக்கு என்னவோ போலிருக்கிறது. "அப்ப மனுஷங்க முகத்தைப் பார்த்தே காசு வாங்கணுமா?" என்றார். ஏசிக் காற்று முழங்காலில் படாமல் இருக்க வேண்டும், தலைக்கு மேல் அவருடைய பழைய மின்விசிறி வர வேண்டும், இரண்டும் அவர் நிபந்தனை. முன்பக்கம் 24 டிகிரிக்குக் கீழே போகாது என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. கார்க் போட்ட பாட்டில் முன் தட்டில் நின்றபடி எத்தனை நாள் இருக்கலாம்?

---

பாரிஸ்_காரைக்கால்

சில வாரம் நின்றால் ஒன்றும் ஆகாது அக்கா. மாதம் ஒரு தடவை உள்ளே படுத்திருப்பதை எழுப்பி, நின்றதை உள்ளே அனுப்புங்கள். கழுத்தில் சின்னச் சீட்டுக் கட்டி, வெளியே வந்த தேதியை எழுதிவிட்டால் குழப்பமில்லை. 24 டிகிரியில் விலை கூடியதை மட்டும் நிறுத்தாதீர்கள், அதற்கும் காலிப் பாட்டில்.

---

கல்லாப்பெட்டி_மகள் (புதுச்சேரி)

சரி, சீட்டு எழுதும் வேலையை அப்பாவுக்குக் கொடுத்தாயிற்று. நாளைக் காலை எங்கள் ஆசாரி வருகிறார். இரண்டடிக்கு ஒரு குத்துப்பலகை என்று தரையிலேயே சாக்பீஸில் கோடு போட்டு வைத்திருக்கிறேன், மறந்தேன் என்று அவர் சொல்ல முடியாது.