அழாத அம்மாவை எந்த ஷாட்டில் காட்டுவது?

சுங்கை சிப்புட் தம்பி:
குறும்படம் எடுக்கிறோம். கடைசி நாளாகப் பால்மரம் வெட்டும், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கும் அம்மா. வசனமும் அழுகையும் கிடையாது. குளோசப் வைத்தும் காட்சி மனத்தில் நிற்கவில்லை. என்ன செய்யலாம்?

கித்தாக்காட்டு அண்ணன்:
தம்பி, முகத்துக்கு அவசரப்படாதே. முதலில் கையைக் காட்டு: உளி பட்டையைச் சீவுகிறது, பால் கோடாக இறங்கி மங்கில், அந்தப் பால் பிடிக்கும் கிண்ணத்தில், சொட்டுகிறது. அங்கே நிதானமாக நில். அப்புறம் 85 எம்எம் லென்ஸோடு தள்ளிப் போய் எடு. பின்னாலுள்ள மரங்கள் நெருங்கி வந்து அவரை அடைத்துக்கொள்ளும். 24 எம்எம் அகல லென்ஸில் கிட்டே நின்றால் அதே மர வரிசை நீண்டு ஓடும். கேமராவை மேலே ஏற்றி மட்டும் எடுக்காதே, அம்மா பாவப்பட்டவராகத் தெரிவார். எனக்கு அது பொறுக்காது.

பீடோர் அக்கா:
சீவும் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்யுங்கள்.

சுங்கை சிப்புட் தம்பி:
சரி அக்கா. அப்போ குளோசப், அண்ணே?

கித்தாக்காட்டு அண்ணன்:
ஒரே தடவை, தலைவிளக்கை அவர் அணைக்கும்போது. விடிந்த வெளிச்சம் முகத்தில் விழும் பக்கமாக நிறுத்து.