28 வயதில் வேலையை விட்டு நடிப்புக்குப் போகலாமா? ஆலன் ரிக்மேனைப் படித்தபின் ஒரு கேள்வி

கிண்டி_டிசைனர்:
வணக்கம். கிண்டி பக்கம் ஒரு விளம்பர நிறுவனத்தில் டிசைனராக இருக்கிறேன், வயது 28. கல்லூரியில் நாடகம் போட்டதோடு சரி, அப்புறம் ஆறு வருடமாக மேடை ஏறவில்லை. போன வாரம் ஆலன் ரிக்மேனைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தவன் விடியும்வரை தூங்கவில்லை. ஹாரி பாட்டர் படங்களின் ஸ்நேப் என்ற அளவில்தான் அவரைத் தெரியும், அவரும் டிசைனர் என்பது தெரியாது. 1946இல் லண்டனில் பிறந்தவர். எட்டு வயதில் அப்பா இறந்துவிட, அம்மா நான்கு பிள்ளைகளைத் தனியாக வளர்த்திருக்கிறார். ஓவியக் கல்லூரியில் படித்து, நண்பர்களோடு சேர்ந்து சொந்த டிசைன் ஸ்டுடியோ நடத்தியிருக்கிறார். அது நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே, 26 வயதில், லண்டனின் ராடா நடிப்புப் பள்ளிக்குக் கடிதம் எழுதிக் கேட்டுச் சேர்ந்துவிட்டார். படித்ததிலிருந்து எனக்கு வேலையில் மனமே ஓடவில்லை. வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் வேலையை விடுவது சரியா? நாடகத்தில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

மயிலாப்பூர்_மேடை:
தம்பி, அவர் 26இல் ஆரம்பித்ததைப் பார்த்தீர்கள், சரி. ஊர் உலகத்துக்கு எப்போது தெரிந்தார் என்பதையும் பாருங்கள். முதல் சினிமா 'டை ஹார்ட்', 1988. அப்போது அவருக்கு 42 வயது. நடுவில் இருந்த அந்தப் பதினாறு வருடத்தைத்தான் நீங்கள் படிக்க வேண்டும். 1974இல் பள்ளி முடித்து ஷெஃபீல்டு, பர்மிங்ஹாம் என்று வெளியூர் நாடக அரங்குகளில் நடித்தார், ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி என்ற பெரிய நாடகக் குழுவுக்குப் போனார், 1982இல் பிபிசி தொடரில் ஒரு குழையும் பாதிரியாராக வந்தார். 1985இல்தான் வால்மோன் என்ற பிரெஞ்சுப் பிரபு வேடம் கிடைத்தது. பெண்களை ஏமாற்றுவதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவன். அந்த நாடகம் லண்டன் போய், 1987இல் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேக்கும் போய், டோனி என்ற அமெரிக்க நாடக விருதுக்குப் பரிந்துரையும் வாங்கித் தந்தது. மேடையில் அவரைப் பார்த்துத்தான் 'டை ஹார்ட்' வில்லன் வேடத்துக்குக் கூப்பிட்டார்கள். அந்த வால்மோன் கதை சினிமா ஆனபோது வேடம் ஜான் மல்கோவிச் என்ற அமெரிக்க நடிகருக்குப் போனது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு மிகப் பிடித்தது வேறு ஒன்று. ராடாவில் படிக்கும்போது செலவுக்காக ரால்ஃப் ரிச்சர்ட்சன், நைஜல் ஹாதார்ன் போன்ற பெரிய நடிகர்களுக்கு உடை மாற்றிவிடும் வேலை பார்த்தார். நான் சபா நாடகங்களில் பத்து வருடம் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுத்தவன். ஒரு நல்ல நடிகர் மேடைக்குள் நுழைவதற்கு முன் அரை நிமிடம் எப்படி நிற்கிறார் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும், எந்த வகுப்பிலும் அது கிடைக்காது.

கணக்கு_வழக்கு:
ஆசையில் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் நாடக அரங்கு உண்டு, அரசு மானியம் உண்டு, நடிகருக்கு வாரச் சம்பளம் உண்டு. சென்னையில் எழும்பூர் மியூசியம் தியேட்டரில் இரண்டு காட்சி போட்டு, வாடகையும் லைட் செலவும் போக ஆளுக்கு ஆட்டோ காசு மிஞ்சினால் பெரிய விஷயம். அப்புறம் ரிக்மேனுடன் அவரது 19 வயதிலிருந்து பழகி, பின்னால் சேர்ந்து வாழ்ந்த ரீமா ஹார்ட்டன் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்த ஆசிரியை. திருமணம் 2012இல்தான். வீட்டில் ஒருவருக்கு மாதச் சம்பளம் வருவது எவ்வளவு பெரிய பலம் என்று நடிகரைக் கட்டிக்கொண்ட என் அக்காவைக் கேட்டால் சொல்வாள். அதனால் பெண் பார்க்கும்போதே இந்த ஆசையை அந்தப் பெண்ணிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

விஜய் சேதுபதியும் சென்னையின் கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் கணக்கு எழுதிக்கொண்டேதான் நடிகர்களைக் கவனித்தார். வேலையும் நாடகமும் ஒரே கூரைக்குள் இருந்தது அவருக்கு. எல்லோருக்கும் அப்படி அமையாது, ஆனால் உங்களுக்கு டிசைன் கையில் இருக்கிறது. ஏதாவது ஒரு குழுவுக்கு போஸ்டர் போட்டுக் கொடுத்துக்கொண்டே உள்ளே நுழையலாமே.

அடையாறு_அக்கா:
யாரும் குரலைப் பற்றிப் பேசவில்லையே. வில்லன் என்றால் கத்த வேண்டும் என்று பழகிய நமக்கு அவர் ஒரு பாடம். 'டை ஹார்ட்'டில் துப்பாக்கியோடு வருபவர், கணக்குப் பிள்ளை கணக்கு ஒப்பிப்பதுபோல நிதானமாகப் பேசுவார், அதுதான் வயிற்றைக் கலக்கும். ஒவ்வொரு சொல்லையும் முழுதாக முடித்துவிட்டுத்தான் அடுத்த சொல்லுக்குப் போவார். நான் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுக்கிறேன், வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்காதீர்கள் என்று தினமும் தொண்டை வற்றக் கத்துகிறேன்.

ஸ்நேப் வேடத்துக்கு முன் அந்தப் பாத்திரத்தின் ரகசியத்தில் ஒரு துளியை, கதையை எழுதிய ரௌலிங் அவருக்கு மட்டும் சொல்லியிருந்தார், அப்போது புத்தகங்களே முழுதாக வரவில்லை. அதைப் பத்து வருடம், எட்டுப் படம் மனதில் வைத்து நடித்தார். முடிவு தெரிந்தபின் முதல் படத்தை மறுபடி போட்டு, அவர் ஹாரியைப் பார்க்கும் இடங்களை மட்டும் பாருங்கள், எனக்கு இப்போதும் கண் கலங்கும். 2016 ஜனவரியில் கணையப் புற்றுநோயில் போய்விட்டார், 69 வயது. ஆஸ்கருக்கு ஒரு முறைகூடப் பரிந்துரை இல்லை. எனக்கு அதில் இன்றும் வருத்தம்தான்.

கிண்டி_டிசைனர்:
எல்லோருக்கும் நன்றி. வேலையை இப்போது விடவில்லை. மயிலாப்பூர் அண்ணா, உங்கள் குழுவில் சனி, ஞாயிறு ஒத்திகைக்கு ஆள் எடுப்பீர்களா? போஸ்டர் போடுகிறேன், வசனம் எடுத்துக் கொடுக்கவும் தயார்.

மயிலாப்பூர்_மேடை:
சனிக்கிழமை மாலை ஐந்து மணி. இடத்தைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். தண்ணீர் பாட்டில் கொண்டு வாருங்கள், அங்கே ஃபேன் ஒன்றுதான்.