பழைய கணினி உலோகத்தை வீட்டு உலையில் வார்த்தவர்களின் அனுபவங்கள்

சேலத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடப்படும் கணினிகளை வாங்கிப் பிரித்து, அவற்றில் கிடைக்கும் அலுமினியத்தில் கைப்பிடி, கப்பி, சிறு தாங்கிகள் முதலியவற்றைச் சில ஆண்டுகளாக வார்த்து வருகிறேன். கணினிக்குள் வெள்ளையாகத் தெரியும் உலோகம் எல்லாம் ஒரே அலுமினியம் அல்ல என்பதையும், துண்டுகளைப் பிரித்து வைக்கும்போதே வார்ப்பின் தரம் பாதி தீர்மானமாகிவிடுகிறது என்பதையும் புதிதாகத் தொடங்குவோருக்குச் சொல்ல விரும்புகிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க்கின் அடிப்பாகம். அது பொதுவாக டை காஸ்டிங் முறையில், அதாவது உருகிய உலோகத்தை அழுத்தத்தோடு எஃகு அச்சுக்குள் செலுத்தி வார்க்கப்பட்டது. 8 முதல் 12 சதவீதம் வரை சிலிக்கான் கலந்த கலவை என்பதால், தூய அலுமினியம் உருகும் 660 டிகிரி செல்சியசுக்கு முன்பே, ஏறத்தாழ 600 டிகிரிக்குள் முழுவதும் உருகி, அச்சின் மெல்லிய மூலைகள் வரை ஓடி நிரம்புகிறது. பிரிப்பதற்கு நட்சத்திர முனையுள்ள டி8, டி6 திருப்புளிகள் தேவை. கண்ணில் படும் திருகுகளை எல்லாம் கழற்றிய பிறகும் மூடி அசையவில்லை என்றால், லேபிளை விரலால் அழுத்தித் தடவிப் பாருங்கள். காகிதம் குழிந்து கொடுக்கும் இடத்தில் இன்னொரு திருகு இருக்கும். உள்ளே இருக்கும் நியோடிமியம் காந்தங்களைத் தனித்தனியாக வையுங்கள். இரண்டுக்கும் நடுவே விரல் அகப்பட்டால் சதை நசுங்கிவிடும். வட்டத் தட்டுகள் இந்த அளவு டிஸ்க்குகளில் பெரும்பாலும் அலுமினியத்தாலும், மடிக்கணினியின் 2.5 அங்குல டிஸ்க்குகளில் பெரும்பாலும் கண்ணாடியாலும் செய்யப்பட்டவை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே பளபளக்கும் என்பதால், எதையும் வளைத்துச் சோதிக்க வேண்டாம். கண்ணாடித் தட்டு ஊசி ஊசியாகச் சிதறும்.

நான் மிகவும் அஞ்சுவது மடிக்கணினிகளின் உலோக உறையைத்தான். அவற்றுள் சில மெக்னீசியக் கலவையால் ஆனவை. அலுமினியத்தைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எடை குறைவு என்றாலும், மெல்லிய தகட்டைக் கையில் தூக்கிப் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது அரிது. அரத்தால் ஓரிடத்தில் பெயிண்டைச் சுரண்டி, பளிச்சென்ற உலோகத்தின் மேல் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். மெக்னீசியம் என்றால் உடனே குமிழ்கள் கிளம்பும். அலுமினியம் என்றால் சொட்டு அப்படியே நிற்கும். மெக்னீசியம் தீப்பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றினாலும் கார்பன் டை ஆக்சைடு அடித்தாலும் தீ மேலும் மூளுமே தவிர அடங்காது. ஆகவே சந்தேகத்துக்கிடமான துண்டு எதையும் நான் உலைப் பக்கமே கொண்டுபோவதில்லை.

கோயம்புத்தூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

அண்ணா, ஹார்ட் டிஸ்க்கைப் பற்றி நீங்கள் எழுதியது முற்றிலும் சரி. நான், கணினிச் சில்லின் சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட் சிங்கைப் பற்றிச் சேர்த்துக்கொள்கிறேன். அதன் துடுப்புகள் பெரும்பாலும் அச்சுத் துளை வழியே தள்ளி நீட்டப்பட்ட கலவையால் ஆனவை. அதில் சிலிக்கான் 1 சதவீதம்கூட இராது. அதை மட்டும் உருக்கி ஊற்றினால் மெல்லிய இடங்கள் நிரம்பாமல் நின்றுவிடும். ஆறும்போது உள்மூலைகளில் விரிசலும் விழும். ஹார்ட் டிஸ்க் உடல்களோடு கலந்து உருக்கினால் இந்தக் குறை வெகுவாகக் குறைகிறது. சில ஹீட் சிங்குகளின் நடுவில் செம்பு உருளை ஒன்று பொதிந்திருக்கும். அதைத் தட்டி எடுத்துவிட வேண்டும். செம்பு 1085 டிகிரியில்தான் உருகும் என்றாலும், உருகிய அலுமினியத்தில் அது கரைந்து கலவையையே மாற்றிவிடும்.

என் தந்தையார் பம்ப் உறை வார்க்கும் ஃபவுண்டரியில் மணல் அச்சு செய்யும் மோல்டராக இருந்தவர். மணலைக் கைப்பிடிக்குள் இறுக்கித் திறந்து, விரல் ரேகை தெளிவாகப் பதிந்து, உடைத்தால் உதிராமல் இரண்டாகப் பிளந்தால்தான் அவர் அச்சுப் போடத் தொடங்குவார். ஈரம் கூடினால் வார்ப்பினுள் ஊசித்துளைகள் நிறையும். அதைவிடக் கொடியது, உலோகம் உருக்கும் கலமான மூசைக்குள் போடும் துண்டிலும் பாளம் ஊற்றும் தட்டிலும் தங்கியிருக்கும் ஈரம். ஒரு சொட்டுத் தண்ணீர் உருகிய உலோகத்தின் அடியில் சிக்கினால் நொடியில் ஆவியாகி உலோகத்தையே வாரி இறைக்கும். அதனால் எங்கள் வீட்டில் ஒவ்வொரு துண்டும் உலையின் விளிம்பில் சூடேறிய பிறகே உள்ளே போகும். சிமெண்ட் தரையின் மேல் நாங்கள் ஊற்றுவதில்லை. காய்ந்த மணலைப் பரப்பி அதன் மேல்தான் ஊற்றுகிறோம். இன்னொன்று, ஊற்றும் சூட்டிலும் அலுமினியம் பகல் வெளிச்சத்தில் சிவந்து தெரியாது. நிறத்தை நம்பாமல் தெர்மோகப்பிள் என்ற வெப்ப அளவியை வைத்து 700 முதல் 750 டிகிரிக்குள் ஊற்றுங்கள்.

சென்னையிலிருந்து ஓர் உறுப்பினர்:

இருவரும் சர்க்யூட் போர்டைப் பற்றிச் சொல்லவில்லை. அதில் பாகங்களை ஒட்டியிருக்கும் ஈயப் பற்றாசும், பிளாஸ்டிக்கில் கலந்துள்ள புரோமின் சேர்மங்களும் புகையாகி வீட்டிலுள்ள குழந்தைகளின் மூச்சில்தான் கலக்கும். போர்டையும் வயரையும் எரிக்கவே கூடாது. 1.4.2023 முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்கள் இருக்கிறார்கள். நான் போர்டுகளைச் சாக்கில் கட்டிச் சேர்த்துவைத்து அவர்களிடம் ஒப்படைக்கிறேன். பவர் சப்ளை பெட்டிக்குள்ளும் நல்ல அலுமினியத் தகடுகள் உண்டு. ஆனால் அதன் பெரிய கப்பாசிட்டரில், மின்னிணைப்பைத் துண்டித்த பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கக்கூடும். மீட்டர் வைத்து அளந்து, மின்தடை வழியாக முழுவதும் இறக்கிய பிறகே அந்தத் தகடுகளைக் கழற்றுங்கள்.