பெரியவர்களின் துணி டயப்பருக்கு சாஃப்ட்னர் ஊற்றச் சொல்லும் புண்ணியவான்களே!

பனியன் ஊர்க்காரன்:
நேற்று 'மாடித்தோட்டம்' என்ற பெயரில் எழுதும் அம்மையார் ஒரு யோசனை சொல்லியிருந்தார். படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்களுக்குத் துணி டயப்பர் கட்டுபவர்கள், கடைசி அலசலில் ஒரு மூடி சாஃப்ட்னர் ஊற்றிப் பிழிந்தால் துணி மெத்தென்று இருக்குமாம், தொடை இடுக்கில் புண்ணே வராதாம். கீழே வரிசையாக 'அருமை அக்கா', 'நன்றி அக்கா' வேறு. படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டயப்பரின் வேலை உறிஞ்சுவது. மெத்தென்று இருப்பதெல்லாம் அப்புறம். சாஃப்ட்னர் என்பது நூலிழை மேல் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும் சரக்கு. அது ஒட்டுவதால்தான் கைக்கு வழவழப்பு. அந்தப் படலம்தான் ஈரத்தை உள்ளே விடாமல் தடுப்பதும். நான் சாயப்பட்டறை லேபில் இருந்தவன். துணி சரியாக உறிஞ்சுகிறதா என்று பார்க்க அங்கே பெரிய மிஷின் எதுவும் கிடையாது. துணியை வளையத்தில் இழுத்து மாட்டி, மேலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவோம். சொட்டு விழுந்ததும் காணாமல் போனால் சரக்கு பாஸ். உருண்டு திரண்டு அங்கேயே நின்றால் திரும்பவும் பாத்திரத்துக்குப் போகும். உங்கள் வீட்டு டயப்பரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். அப்புறம் பேசுவோம்.

மாடித்தோட்டம்:
வணக்கம் சார். பேர் போட்டுத் திட்டியதற்கு நன்றி. என் மாமியாருக்கு நான்தான் எல்லாம் செய்கிறேன். நீங்கள் லேபில் சொட்டு விட்டவர், நான் ராத்திரியில் துணி மாற்றுகிறவள். எங்கள் பகுதியில் போர் தண்ணீர்தான். துவைத்துக் காயப்போட்டால் துணி அப்பளம் மாதிரி விறைத்து நிற்கும். அதை எழுபது தாண்டியவரின் தோலில் கட்டச் சொல்கிறீர்களா? சாஃப்ட்னர் போட ஆரம்பித்த பிறகு அவருக்குச் சிவப்பு குறைந்தது. கண்ணால் பார்த்ததைச் சொன்னேன்.

பனியன் ஊர்க்காரன்:
விறைப்பது உப்புத் தண்ணீரால். கால்சியமும் மெக்னீசியமும் நிறைந்த தண்ணீரில் பார் சோப்பு போட்டுத் தேய்த்தால் நுரை வராது, வெள்ளையாகத் திரிந்து துணியிலேயே உட்கார்ந்துகொள்ளும். அதற்கு மருந்து, சோப்பை விட்டு டிடர்ஜென்ட் பவுடருக்கு மாறுவதும் இரண்டு முறை கூடுதலாக அலசுவதும்தான். நீங்கள் உப்புப் படலத்தின் மேல் இன்னொரு படலம் பூசிவிட்டு மெத்தென்று இருக்கிறது என்கிறீர்கள். ஒரு சொட்டு விட்டுப் பார்த்தீர்களா இல்லையா? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

சிறுவாணித் தண்ணி:
எங்கள் கோயம்புத்தூரில் இந்தப் பிரச்சினையே இல்லைங்க. சிறுவாணித் தண்ணீரில் வெறுமனே அலசினாலே துணி பஞ்சாக வரும். அப்பாவுக்குப் பழைய வேட்டியை நாலாக மடித்துத்தான் கட்டுகிறோம். சாஃப்ட்னரும் வேண்டாம், சொட்டும் வேண்டாம்.

மாடித்தோட்டம்:
சரி, எல்லோரும் கோவைக்குக் குடிவந்துவிடுகிறோம். வீடு பார்த்து வையுங்கள்.

வார்டு டியூட்டி:
நான் செவிலியர். இரண்டு பேரும் துணியையே பார்க்கிறீர்கள், தோலைப் பார்க்கவில்லை. புண் வருவதற்கு முக்கியக் காரணம் ஈரத்திலேயே கிடப்பது. சிறுநீரும் மலமும் சேர்ந்தால் தோல் இன்னும் சீக்கிரம் கெடும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து மாற்றுங்கள். மலம் என்றால் உடனே. ஒவ்வொரு தடவையும் தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, நன்றாக உலர விட்டு, மெல்லிசாக ஜிங்க் ஆக்ஸைடு க்ரீம் தடவுங்கள். அப்பிவிடாதீர்கள், அது துணியில் ஏறினாலும் உறிஞ்சாது. மடிப்புகளில் சிவந்து, ஓரத்தில் சின்னச் சின்னப் பொரியாக வந்தால் பூஞ்சையாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள். இன்னொன்று, மைக்ரோஃபைபர் பேடைத் தோலில் நேராகப் படும்படி வைக்காதீர்கள். அது தோலிலுள்ள ஈரப்பசையையும் சேர்த்து இழுக்கும்.

பனியன் ஊர்க்காரன்:
பார்த்தீர்களா? 'க்ரீம் துணியில் ஏறினால் உறிஞ்சாது' என்று நர்ஸம்மாவே சொல்லிவிட்டார். க்ரீமுக்கு ஒரு நியாயம், சாஃப்ட்னருக்கு ஒரு நியாயமா?

வார்டு டியூட்டி:
நான் சொன்னதில் உங்களுக்கு அந்த ஒரு வரிதான் தெரிந்ததா?

கணக்குப்பிள்ளை:
இந்தக் காலத்தில் எதற்கு இந்தப் பாடு? கடை டயப்பர் வாங்கிக் கட்டித் தூக்கிப் போட வேண்டியதுதானே. உள்ளே இருக்கும் பவுடர் ஈரம் பட்டதும் ஜெல்லாகி இறுகிவிடும், உட்கார்ந்து அழுத்தினாலும் லேசில் திரும்ப வெளியே வராது. உங்கள் துணி எதுவும் அதைச் செய்யாது. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டியும் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது.

மாடித்தோட்டம்:
ஒரு நாளைக்கு ஐந்தாறு வீதம் மாதக்கணக்கு போட்டுப் பாருங்கள் கணக்குப்பிள்ளை சார், பேர் வைத்திருக்கிறீர்களே. அப்புறம் அதைத் 'தூக்கிப் போட' எங்கே? எங்கள் தெருவில் குப்பை எடுப்பவர் கையுறைகூட இல்லாமல் பிரிக்கிறார். 2016 திடக்கழிவு விதியிலேயே டயப்பரைச் சுற்றிக் கட்டித்தான் போடச் சொல்லியிருந்தார்கள். யார் செய்கிறார்கள்?

கணக்குப்பிள்ளை:
துணி துவைக்கும் தண்ணீருக்கும் கரண்டுக்கும் கணக்கு கிடையாதா? உங்கள் முதுகுவலிக்கு?

சென்னிமலைத் துண்டு:
பனியன் ஊர்க்காரரிடம் ஒரே ஒரு சந்தேகம். ஏற்றுமதித் துண்டு, பனியன் எல்லாவற்றுக்கும் கடைசிப் பாத்திரத்தில் உங்கள் ஆட்கள் சாஃப்ட்னர் போட்டுத்தானே அனுப்புகிறார்கள்? தண்ணீரை இழுக்கும் சிலிகான் சாஃப்ட்னர் என்று தனியாகவே விற்கிறதே? அது போட்ட துண்டு துவட்டவில்லையா? 'சாஃப்ட்னர் என்றாலே உறிஞ்சாது' என்று பொத்தாம்பொதுவாக அடித்துவிடுவது உங்கள் பழைய பழக்கம். வெள்ளை வேட்டிக்கு நீலம் போடும் விவகாரத்திலும் இதையேதான் செய்தீர்கள்.

பனியன் ஊர்க்காரன்:
வாங்க சென்னிமலை. நீலம் விவகாரத்தில் நீங்கள் வாங்கிக்கட்டிக்கொண்டது இன்னும் ஆறவில்லை போல. தண்ணீரை இழுக்கும் சிலிகான் உண்டு, நான் இல்லை என்றேனா? அதைப் போடும்போது துணி எடைக்கு இத்தனை சதவீதம், பாத்திரத்துத் தண்ணீரின் புளிப்பு இவ்வளவு, சூடு இவ்வளவு என்று பார்த்துப் போடுவோம். போட்ட பிறகும் சொட்டு விட்டுத்தான் பாஸ் செய்வோம். அம்மையார் மளிகைக் கடையில் வாங்குவது அதுவா? அது நேர்மின் சரக்கு, எதிர்மின் உள்ள பருத்தித் துணியில் இழுத்து ஒட்டிக்கொள்ளும் ரகம். ஒவ்வொரு சலவைக்கும் ஒரு மூடி என்றால் படலம் ஏறிக்கொண்டே போகும். ஒரு சொட்டு விடுங்கள் என்றால் ஏன் எல்லோரும் ஓடுகிறீர்கள்?

சென்னிமலைத் துண்டு:
ஆக, 'சாஃப்ட்னரே கூடாது' என்பது இப்போது 'மளிகைக் கடை சாஃப்ட்னர் கூடாது' என்று ஆகிவிட்டது. நல்லது. நீலத்திலும் இப்படித்தான் ஆனது.

பனியன் ஊர்க்காரன்:
தலைப்பைத் திரும்பப் படியுங்கள். டயப்பரைப் பற்றித்தான் சொன்னேன். உங்கள் துண்டைப் பற்றி யாரும் பேசவில்லை.

வைகைக்கரை:
அண்ணன்மார்களே, அக்காக்களே, நான் புதிது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இப்போதுதான் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். சக்கர நாற்காலியில் உட்காருவார். துணி டயப்பர் வாங்கலாம் என்று இருக்கிறேன். பேன்ட் அளவைச் சொல்லி வாங்கலாமா? எத்தனை வேண்டும்? யாராவது சொல்லுங்களேன்.

வார்டு டியூட்டி:
பேன்ட் அளவை நம்பாதீர்கள் தம்பி. இடுப்பைச் சுற்றி ஒரு அளவு, பின்பக்கம் அகலமான இடத்தில் ஒரு அளவு எடுங்கள். எது பெரிதோ அதற்கு வாங்குங்கள். தொடை எலாஸ்டிக் தழும்பு விழாமல், அதேநேரம் இடைவெளி விடாமல் நிற்க வேண்டும். பெரும்பாலும் அங்கேதான் ஒழுகும். படுத்திருக்கும்போது மாற்றுவதென்றால் ஜட்டிபோல இழுத்து மாட்டுவது வேண்டாம், பக்கவாட்டில் ஒட்டுவதோ பட்டனோ உள்ளதாகப் பாருங்கள். ஆண்களுக்கு உறிஞ்சும் துணி முன்பக்கம் தடிமனாக இருக்கட்டும். வாட்டர்ப்ரூஃப் கவர் மூன்று நான்கு போதும். உள்ளே வைக்கும் துணிதான் நிறைய வேண்டும், ஒரு நாளைக்கு ஆகும் எண்ணிக்கையைப்போல இரண்டு மடங்கு. ஐப்பசி கார்த்திகை மழையில் காயாது, அப்போது இன்னும் கூட.

வைகைக்கரை:
ரொம்ப நன்றி அக்கா. உள்ளே வைக்க காடாத் துணி மீட்டர் கணக்கில் வாங்கித் தைத்தால் ஆகுமா?

பனியன் ஊர்க்காரன்:
தம்பி, காடாவை வாங்கியதும் கட்டிவிடாதீர்கள். வேகவைக்காத பருத்தியில் இயற்கையாகவே மெழுகு இருக்கும், தண்ணீர் ஒட்டாது. மில்லில் காஸ்டிக் சோடா போட்டு வேகவைத்து அதை எடுப்போம். நீங்கள் வெந்நீரில் டிடர்ஜென்ட் போட்டு மறுபடி மறுபடி துவையுங்கள். ஒவ்வொரு துவைப்புக்குப் பிறகும் காயவைத்து ஒரு சொட்டு விடுங்கள். சொட்டு மறைகிற அன்று துணி தயார். அதன்பிறகு அதன் பக்கம் சாஃப்ட்னர் போகவே கூடாது.

மாடித்தோட்டம்:
ஆரம்பித்துவிட்டார்.

சிறுவாணித் தண்ணி:
தம்பி, பழைய வேட்டியே போதுங்க. காசு மிச்சம். அதுவும் எங்கள் தண்ணீரில் துவைத்த வேட்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
சிறுவாணி அணை இருப்பது கேரளாவில், பாலக்காடு மாவட்டத்தில். 'எங்கள் தண்ணீர்' என்று எந்தக் கணக்கில் சொல்கிறீர்கள்?

சிறுவாணித் தண்ணி:
அணை எங்கே இருந்தால் என்ன, குழாய் எங்கள் வீட்டில் இருக்கிறது. உங்கள் ஊருக்கு லாரியில் வருவது எங்கிருந்து என்று கேட்டேனா நான்?

வார்டு டியூட்டி:
அணையை விடுங்கள், தம்பி துவைக்கப்போகிறார். மலத்தை முதலில் கழிவறையில் தட்டிவிடுங்கள். பிறகு பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். எடுத்த எடுப்பில் வெந்நீர் ஊற்றினால் கறை பிடித்துக்கொள்ளும். அலசியபின் வெந்நீரில் டிடர்ஜென்ட் போட்டுத் துவைத்து, நுரை போகும்வரை அலசுங்கள். நாற்றத்துக்குப் பயந்து பிளீச்சிங் பவுடரைச் சிறுநீர்த் துணி ஊறும் வாளியில் கொட்டாதீர்கள். அதிலிருந்து கிளம்பும் நெடி மூச்சை அடைக்கும். பிளீச்சோடு வினிகரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், அது குளோரின் வாயு. பஞ்சுத் துணியை நல்ல வெயிலில் காயப்போடுங்கள். வாட்டர்ப்ரூஃப் கவரைக் கொதிநீரில் போட்டாலோ இஸ்திரி வைத்தாலோ உள்பூச்சு உரிந்துவிடும்.

மாடித்தோட்டம்:
வினிகர் நான் தனியாக அலசலில் ஊற்றிப் பார்த்தேன் மேடம், போர் தண்ணீருக்குக் கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் மாமியாருக்கு அந்த வாடை ஆகவில்லை, 'ஊறுகாய் ஜாடியிலா படுக்கவைத்திருக்கிறாய்' என்று கேட்டார்.

பனியன் ஊர்க்காரன்:
வினிகர் உப்பைக் கரைக்கும், அதனால் துணி இளகும். அதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன், உங்கள் பிரச்சினை உப்பு. வாடை ஆகவில்லை என்றால் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) கொஞ்சம் கரைத்து ஊற்றிவிட்டு, நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள். எலாஸ்டிக் இருக்கும் கவருக்கு மட்டும் வேண்டாம். அந்த வாசனைப் புட்டியை மூடி வையுங்கள்.

மாடித்தோட்டம்:
நேற்று ராத்திரி உங்கள் சொட்டையும் விட்டுப் பார்த்தேன். உள்ளே போய்விட்டது. போதுமா?

பனியன் ஊர்க்காரன்:
எத்தனை நொடியில்?

மாடித்தோட்டம்:
கையில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டா மாமியாருக்குத் துணி மாற்றுவேன்?

பனியன் ஊர்க்காரன்:
அப்படியானால் அது சோதனையே இல்லை. 'போய்விட்டது' என்றால் என்ன அர்த்தம்? ஒரு நொடியில் போனதா, அரை நிமிடம் நின்று யோசித்துவிட்டுப் போனதா? சிறுநீர் ஒரு சொட்டாக வராது, கிண்ணம் கணக்கில் வரும். துணி அரை நிமிடம் யோசித்தால் அதற்குள் தொடை வழியே இறங்கிப் படுக்கைக்குப் போய்விடும். புதுத் துணியில் ஒரு சொட்டு, உங்கள் துணியில் ஒரு சொட்டு, பக்கத்தில் பக்கத்தில் வைத்து விடுங்கள்.

சென்னிமலைத் துண்டு:
அவர் விட்டுப் பார்த்து 'போய்விட்டது' என்று சொன்னபிறகு இப்போது நொடிக் கணக்கு. நாளைக்கு அந்தச் சொட்டு எந்தத் தண்ணீர் என்று கேட்பார் பாருங்கள்.

பனியன் ஊர்க்காரன்:
கேட்பேன். நல்ல தண்ணீரில்தான் விட வேண்டும், உப்புத் தண்ணீரில் அல்ல.

சிறுவாணித் தண்ணி:
ஒரு கேன் அனுப்பட்டுங்களா?

வார்டு டியூட்டி:
வைகைக்கரை தம்பி, ராத்திரிக்குத் துணி இரட்டையாக வைத்தால் நடுவில் தடிமனாகி முதுகுக்குக் கீழே உறுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பதை டயப்பர் கட்டியதால் விட்டுவிடாதீர்கள்.

வைகைக்கரை:
சரிங்க அக்கா. இன்னொரு சந்தேகம். எங்கள் வீட்டில் ஃபிரன்ட் லோடு மிஷின். அதில் போடலாமா?

பனியன் ஊர்க்காரன்:
அது தண்ணீரை மிச்சம் பிடிக்கும் மிஷின் தம்பி, டயப்பரை ஒழுங்காக அலசாது. டிடர்ஜென்ட் உள்ளேயே தங்கி தோலை அரிக்கும். கூடுதல் அலசல் பட்டனைப் போட்டே ஆக வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
எங்கள் வீட்டிலும் ஃபிரன்ட் லோடுதான், பளிச்சென்று அலசுகிறது. பவுடரை அள்ளிக் கொட்டினால் எந்த மிஷின்தான் அலசும்?

பனியன் ஊர்க்காரன்:
நீங்கள்தான் கடை டயப்பர் கட்சி ஆயிற்றே, உங்கள் மிஷினில் என்ன துவைத்துப் பார்த்தீர்கள்?